ரவிசந்திரனின் கிளிக் மொய்

மாதச் சம்பளம் மூளை இல்லாதவர்களுக்காக ஏற்பட்டது என்று ரவிசந்திரன் உறுதியாக நம்பினான். மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டே இந்த நம்பிக்கையையும் பல வருடங்களாகக் காப்பாற்றி வந்தான்.

புனேவில் ஹிஞ்சவடியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் சோதனைப் பிரிவில் அவனுக்கு வேலை. பிறர் எழுதிய நிரலில் ஓட்டை எங்கே என்று தேடிக் கண்டுபிடிக்கத்தான் அவனுக்குச் சம்பளம். அந்தத் திறமையை அடையாள அட்டையோடு சேர்த்து அலுவலக வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு வருவான் போலிருக்கிறது. வீட்டுக்கு அவன் கொண்டுவந்த எந்தத் திட்டத்திலும் ஓட்டை அவன் கண்ணுக்குப் பட்டதில்லை. திட்டமே வெறும் ஓட்டையாக இருந்தபோதும் பட்டதில்லை.

கோயம்புத்தூர் பீளமேட்டில் பஞ்சாலை ஃபிட்டர் ஒருவரின் மகன். தொண்ணூறுகளின் நடுவில் பொறியியல் படிக்கும்போதே, இன்று ஆயிரம் கட்டினால் இருபது வருடத்தில் லட்சமாக வளரும் தேக்கு மரத்துக்குக் கல்லூரி முகவரானான். துறைத் தலைவரின் தலையிலேயே இரண்டு மரங்களைக் கட்டினான். மரம் எந்த மாவட்டத்தில் வளர்கிறது என்பது ரசீதிலேயே இல்லை. அதை அவன் கேட்கவும் இல்லை. புனேவுக்கு வேலைக்கு வந்த பிறகு காந்தப் படுக்கை. அதில் படுத்தால் முதுகுவலி போகும், நாலு பேருக்கு விற்றால் வீட்டுக் கடன் போகும் என்றார்கள். விற்காமல் போன படுக்கை கட்டிலுக்கு அடியில் சுருண்டு கிடந்தது. அதை இழுத்து இழுத்துப் பெருக்கியதில் அவன் மனைவி கோதைக்கு முதுகுவலி வந்ததுதான் கண்ட பலன்.

கோதை கோயம்புத்தூரில் பள்ளி ஆசிரியையாக இருந்தவள். கல்யாணமாகிப் புனேவின் ஓரத்தில் இருந்த வாகட்டுக்கு வந்தபோது அங்கே பாதி கட்டிய அடுக்குமாடிகளும், நடுநடுவே கரும்புக் காடும், காலையில் ஹாரன் அடிக்கும் தண்ணீர் லாரிகளும்தான் இருந்தன. இட்லி அரிசி எங்கே கிடைக்கும் என்று தெரியவில்லை. கேஸ் இணைப்பை மாற்ற எந்தக் காகிதம் வேண்டும், தமிழ்நாட்டு எண் போட்ட வண்டியைப் போலீஸ்காரர் நிறுத்தினால் எதைக் காட்ட வேண்டும், குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் ஊசி போட அவசரப்படாத மருத்துவர் யார் என்று சொல்ல ஆள் இல்லை. ஒவ்வொன்றாக அலைந்து தெரிந்துகொண்டாள். தெரிந்ததை 2004ஆம் ஆண்டிலிருந்து ஒரு வலைப்பதிவில் எழுத ஆரம்பித்தாள். அதன் பெயர் 'வந்து எறங்கியாச்சு'.

அவள் எழுத்தில் ஒரு கவிதை வரி இருக்காது. "காட்கி பஜாரில் மூன்றாவது சந்து, இடதுபுறம், எண்ணெய்க்கடைக்கு அடுத்தது. அரிசி நல்லது. பருப்பு வாங்காதீர்கள், பழசு." இவ்வளவுதான். தான் போகாத கடையைப் பற்றி அவள் எழுதியதில்லை. தன்னை ஏமாற்றிய கடையைப் பற்றி எழுதாமல் விட்டதும் இல்லை. சென்னையிலும் கோவையிலும் வேலை உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு ரயிலுக்குக் காத்திருந்தவர்கள் அதைப் படித்தார்கள். "அக்கா, நீங்கள் சொன்ன மருத்துவரிடமே போனோம்" என்று பின்னூட்டம் போட்டார்கள். கோதையின் சொத்து அந்த "நீங்கள் சொன்ன" மட்டும்தான். வேறு எதுவும் அவளுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரவில்லை. வேண்டும் என்று அவள் கேட்கவும் இல்லை.

கேட்காமல் இருப்பதை ரவிசந்திரனால் தாங்க முடியவில்லை.

"இத்தன பேரு வந்து படிக்கறாங்க, ஒருத்தங்கிட்டயும் ஒரு பைசா வாங்கறதில்ல. இது என்ன அன்னதானமா?" என்பான்.

"அரிசிக்கடைக்கு வழி சொல்றதுக்குக் காசு வாங்குவாங்களா யாராச்சும்?" என்பாள் கோதை.

2007இல் அவனுக்கு வழி கிடைத்தது. வெளிநாட்டுப் பெரிய நிறுவனத்தின் விளம்பரத் திட்டம் அப்போது தமிழ்ப் பக்கங்களை ஏற்றுக்கொள்வதில்லை. அந்த வருத்தத்தில் இருந்தவர்களைக் குறிவைத்து டில்லிப் பக்கத்திலிருந்து புதிதாக ஒன்று கிளம்பியது. பெயர் பிளாக்லக்ஷ்மி. எந்த மொழியானாலும் சரி, பக்கத்தில் விளம்பரம் வரும், படிப்பவர் விளம்பரத்தைச் சொடுக்கினால் பதிவருக்குப் பணம் வரும். நூறு டாலர் சேர்ந்ததும் காசோலை அனுப்புவார்கள். இந்திய நிறுவனம் இந்தியர்களுக்கு எதற்கு டாலரில் கொடுக்கிறது என்று ஒரு சோதனைப் பொறியாளருக்குத் தோன்றியிருக்கலாம். தோன்றவில்லை.

நிபந்தனைகள் இரண்டு. பதிவைப் பழைய இடத்திலிருந்து பிளாக்லக்ஷ்மியின் சொந்த இடத்துக்கு மாற்ற வேண்டும். ஒரே எழுத்து இரண்டு இடத்தில் இருக்கக்கூடாது என்பதால் பழையதை அழித்துவிட வேண்டும். கோதைக்கு முதன்முதலில் கணக்குத் திறந்து கொடுத்தவன் அவன் என்பதால் கடவுச்சொல் அவனிடம் இருந்தது. அண்ணன் மகன் காதுகுத்துக்கு அவள் குழந்தையோடு கோயம்புத்தூர் போன வாரத்தில் இரண்டையும் செய்து முடித்தான்.

அவள் திரும்பி வந்து பெட்டியை இறக்குவதற்குள் கணினியைத் திறந்து காட்டினான். அவன் முகத்தில், ஆச்சரியப்படுத்திவிட்ட கணவனின் ஒளி.

கோதை தன் பக்கத்தைத் தேடினாள். பதிவின் தலைப்புக்கு மேல் மல்டிபிளக்ஸ் வாசல் விளக்கு மாதிரி எடைக்குறைப்பு மாத்திரை மின்னியது. குழந்தை மருத்துவரைப் பற்றிய பதிவின் நடுவில் வழுக்கைத் தைலம். கேஸ் இணைப்புக்கும் முகவரிச் சான்றுக்கும் இடையே ஒரு பெண், உங்கள் ஊரில் உங்களுக்காகக் காத்திருப்பதாகச் சொல்லிக் கண்ணடித்தாள்.

"என்னுங்க இது?"

"விளம்பரம். பக்கத்துல என்ன வார்த்தை இருக்குதோ அதுக்குத் தக்கன தானா வரும். டெக்னாலஜி."

"குழந்தைக்குக் காய்ச்சல்னு எழுதியிருக்கறேன். இதுல வழுக்கை எங்கிருந்து வந்துச்சு?"

"தமிழ் இன்னும் அதுக்குச் சரியா பிடிபடல. கத்துக்கும்."

அது கற்றுக்கொண்டது. அதுதான் வினை. கோதையின் பதிவுகளிலேயே அதிகம் படிக்கப்பட்டது, வீட்டுத் தரகர்கள் எப்படியெல்லாம் ஏமாற்றுகிறார்கள் என்ற நீண்ட கட்டுரை. வீட்டைக் காட்டுமுன் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள் என்று அதில் தடித்த எழுத்தில் போட்டிருந்தாள். அதில் தரகர் என்ற சொல் முப்பது இடத்தில் வந்தது. பிளாக்லக்ஷ்மி அதை எண்ணிப் பார்த்துவிட்டு, அந்தத் தடித்த எழுத்துக்குக் கீழேயே ஒரு தரகரின் கைபேசி எண்ணைக் கட்டம் கட்டி வைத்தது.

சில வாரங்களில் கோகுல்நாத் என்ற பையனின் பின்னூட்டம் வந்தது. முதல் வேலைக்காகப் பொள்ளாச்சியிலிருந்து கிளம்பி வந்தவன். "அக்கா, உங்கள் பக்கத்தில் இருந்த எண்ணுக்குத்தான் பேசினேன். டோக்கன் என்று முன்பணம் வாங்கிக்கொண்டு இப்போது போனை எடுப்பதில்லை. நீங்கள் சொன்ன ஆள் என்பதால்தான் வீட்டைப் பார்க்காமலே கொடுத்தேன்."

கோதை அதைப் படித்துவிட்டு எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். மறுபடி படித்தாள். ரவிசந்திரனைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவனும் படித்தான். முகம் மலர்ந்தது.

"பாத்தியா! கிளிக் பண்ணியிருக்கான்!"

இந்த இடத்தில் ஒரு மனிதனைப் பற்றி எழுத வேண்டியதெல்லாம் எழுதி முடிந்துவிடுகிறது. ஆனால் ரவிசந்திரன் முடியவில்லை.

"அதைய எடுத்துருங்க," என்றாள் கோதை. "அந்தப் பையன் நான் சொன்னேன்னு போயிருக்கறான். நான் சொல்லவே இல்ல."

"நூறு டாலர் சேரட்டும், எடுத்தர்றேன். இப்ப எடுத்தா இதுவரைக்கும் வந்ததும் போயிரும். விதிமுறை அப்படி."

"இதுவரைக்கும் எவ்வளவு வந்துருக்குது?"

அவன் சொன்ன தொகைக்கு ஹிஞ்சவடி சாலையில் இரண்டு வடாபாவ் வாங்கலாம். சட்னி தனி.

"நூறு சேர்ந்ததும் எடுத்தரோணும். இது சத்தியம்."

"சத்தியம்," என்றான். சத்தியம் செய்வதில் அவனுக்கு எப்போதும் சிரமம் இருந்ததில்லை. கோதை கோகுல்நாத்துக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினாள். கட்டுரையின் தலையில், கீழே வரும் எண் தன்னுடைய பரிந்துரை அல்ல என்றும் சேர்த்தாள். அந்தக் குறிப்பிலும் தரகர் என்ற சொல் வந்ததால் இரண்டாவது தரகர் ஒருவரும் வந்து உட்கார்ந்துகொண்டார்.

நூறு டாலர் சீக்கிரம் சேர வேண்டும். காதுகுத்து வீட்டுக் கதையைக் கோதை பக்கத்து வீட்டு அம்மாளிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது ரவிசந்திரனுக்கு யோசனை பிறந்தது. அண்ணனுக்கு மொய் குவிந்துவிட்டதாம். வைத்தவர்கள் எல்லாரும் முன்பு அண்ணன் மொய் வைத்த வீட்டுக்காரர்கள். மொய்க்கும் கிளிக்குக்கும் என்ன வித்தியாசம் என்று அவன் யோசித்தான். ஒன்றும் தெரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையே அடுக்குமாடியின் தமிழ்க் குடும்பங்களைத் தன் கூடத்தில் கூட்டினான். கோதையின் உப்புமாவும் காபியும் கிடைக்கும் என்பதால் ஒரு வீடு தவறாமல் வந்தார்கள். எல்லாரும் படித்தவர்கள். எல்லாருக்கும் வெளிநாடு போய் வந்த அனுபவம் உண்டு. சோபாவில் இடம் பிடிப்பதில் மட்டும் அது தெரியவில்லை.

"நம்மூருல மொய் வெக்கறமல்லங்க, அதே மாதிரிதான்," என்றான் ரவிசந்திரன். "ஆளுக்கொரு பிளாக் ஆரம்பிச்சுக்கோங்க. இந்த வாரம் எல்லாரும் என்னுதுல கிளிக் பண்ணுங்க. அடுத்த வாரம் விச்சு சாருது. அதுக்கடுத்து பத்மநாபன் சாருது. வெச்ச மொய் திரும்பி வந்தே தீரும்."

கும்பகோணத்துக்காரரான விச்சு காபியைக் கீழே வைத்தார். "பிளாக்ல என்ன எழுதறது, ரவி?"

"என்னத்தையோ எழுதுங்க. யாரு படிக்கப் போறாங்க?"

"அதுவும் சரிதான். ஆனா எல்லாரும் ஒரே எடத்துலேர்ந்து அமுக்கினா அவாளுக்குத் தெரிஞ்சுடாதோ?"

கூட்டத்தில் அது ஒன்றுதான் உருப்படியான கேள்வி. கேட்டவருக்கு இரண்டாவது தட்டு உப்புமா வந்துவிட்டதால் அவரும் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அந்த அடுக்குமாடி முழுவதற்கும் கேபிள்காரர் ஒரே ஒரு இணைய இணைப்பைத்தான் வாங்கி வீட்டுக்கு வீடு பிரித்துக் கொடுத்திருந்தார். ஒவ்வொருவரும் தத்தம் வீட்டிலிருந்து சொடுக்கினாலும், டில்லியிலிருந்து பார்ப்பவருக்கு எல்லாம் ஒரே வாசலிலிருந்து வருவது போலத்தான் தெரியும். மாதாமாதம் அந்த இணைப்பு மெதுவாக இருக்கிறதென்று கேபிள்காரரோடு சண்டை போட்டவர்கள்தான் இவர்கள். காரணம் தெரிந்தே சண்டை போட்டவர்கள்.

மொய் ஆரம்பித்தது. மாலையில் நடைப்பயிற்சிக்குப் போகும் முன் சொடுக்கிவிட்டுப் போனார்கள். சொடுக்காதவர்களை லிஃப்டில் பார்த்து, "என்ன சார், நேத்து உங்க மொய் வரலையே?" என்று கேட்டார்கள். பத்மநாபனின் பிளாக்கில் 'டெஸ்ட்' என்ற ஒரு சொல் மட்டும் இருந்தது. அதற்கு அந்த வாரம் வந்த வாசகர் கூட்டம் கோதைக்கு மூன்று வருடத்தில் வந்ததில்லை.

வியாழக்கிழமைகளில் வாகட்டில் பகல் முழுக்க மின்சாரம் இருக்காது. மொய் தடைபடக்கூடாது என்று ஒரு வியாழக்கிழமை விடுப்பு போட்டுவிட்டு ரவிசந்திரன் விச்சுவையும் பத்மநாபனையும் ஸ்கூட்டரிலும் பைக்கிலும் கிளப்பிக்கொண்டு கசார்வாடிக்குப் போனான். பழைய மும்பை சாலையில், லேத் பட்டறைகளுக்கு நடுவே ஒரு ஜெனரேட்டரை உறுமவிட்டு ஸ்டீபன் இணைய மையம் நடத்தி வந்தான். ஸ்டீபனின் அப்பா வேலூரிலிருந்து வந்து பட்டறையில் சேர்ந்தவர். ஸ்டீபன் பிறந்ததே கசார்வாடியில்தான். அவன் தமிழில் பாதி ஹிந்தி, மீதியில் பாதி மராத்தி.

மூன்று பேரும் மூன்று கணினியில் உட்கார்ந்து ஒரே பக்கத்தைத் திறந்ததை ஸ்டீபன் தோளுக்கு மேலாகப் பார்த்தான்.

"அரே, இது கோதை அக்கா பேஜ் இல்ல? என்னா சார், இவ்ளோ அட்வர்டைஸ் போட்டு ஏக்தம் கச்ரா, குப்பை மாதிரி பண்ணி வச்சிருக்காங்க?"

"உனக்கெப்படித் தெரியும் இந்தப் பக்கம்?" என்று வேறு யாராக இருந்தாலும் கேட்டிருப்பார்கள். ரவிசந்திரன் சொடுக்கிக்கொண்டிருந்தான்.

கணக்கு எண்பது டாலரைத் தாண்டிய வாரம் பிளாக்லக்ஷ்மியிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. ஒரே இடத்திலிருந்து திட்டமிட்டு விளம்பரங்கள் சொடுக்கப்பட்டிருப்பதால் கணக்கு மூடப்படுகிறது. சேர்ந்த தொகை விளம்பரதாரர்களுக்குத் திருப்பித் தரப்படும். கணக்கோடு இணைந்த பதிவுகள் நீக்கப்பட்டுவிட்டன. மேல்முறையீடு இல்லை. அடுக்குமாடியின் எல்லாத் தமிழ் வீட்டுக்கும் அதே கடிதம், பெயரை மட்டும் மாற்றி.

மற்றவர்களுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. 'டெஸ்ட்' என்ற சொல்லைப் பத்மநாபன் மறுபடி எழுதிக்கொள்ளலாம். கோதைக்குப் போனது மூன்று வருடம்.

அவள் கத்தவில்லை. "பழைய எடத்துல இருக்குதுங்களா?" என்று கேட்டாள்.

"அழிச்சாச்சே. ரெண்டு எடத்துல இருக்கக்கூடாதுன்னு விதிமுறைல…"

"ஒரே ஊட்டுல இருந்து கிளிக் பண்ணக்கூடாதுன்னு அதே விதிமுறைல இருக்கலீங்களா?"

"அது கீழ சின்ன எழுத்துல இருந்துச்சு."

பிறகு ரவிசந்திரன் பிளாக்லக்ஷ்மியைத் திட்டினான். மோசடிக் கும்பல் என்றான். இந்தியாவில் எவனையும் நம்ப முடியாது என்றான். நுகர்வோர் நீதிமன்றம் என்ற சொல்லை இரண்டு முறை சொன்னான். அவனைப் பொறுத்தவரை தேக்கு மரம், காந்தப் படுக்கை, பிளாக்லக்ஷ்மி மூன்றும் தனித்தனி அதிர்ஷ்டக் குறைவுகள். மூன்றிலும் பொதுவாக இருந்த ஆள் யார் என்று அவன் பார்க்கவில்லை.

கோதை அந்த மாதம் எதுவும் எழுதவில்லை. அவள் பக்கத்தைத் தேடி வந்தவர்களுக்கு வெள்ளைத் திரை வந்தது. அவள் காணாமல் போய்விட்டாள் என்று அவர்கள் நினைத்திருக்க முடியாது. கோகுல்நாத்தின் பின்னூட்டத்தைப் படித்தவர்கள், ஏமாற்றிவிட்டு ஓடிவிட்டாள் என்றுதான் நினைத்திருப்பார்கள். சோறு இறங்காமல் அவளை உட்கார வைத்தது அதுதான்.

ஒரு நாள் காலையில் ஐந்தாவது மாடிக்குப் புதிதாகக் குடிவந்த பெண் கதவைத் தட்டினாள். பெயர் பார்கவி, சென்னைக்காரி. இடுப்பில் குழந்தை, கையில் ஓரத்தில் பின் அடித்த தாள்கட்டு.

"எக்ஸ்கியூஸ் மீ, நீங்க தமிழ்தானே? இதுல போட்டிருக்கிற டாக்டர் கிளினிக் எங்கன்னு சொல்றீங்களா? குழந்தைக்கு ராத்திரியிலேர்ந்து அனல் மாதிரி கொதிக்குது."

கோதை தாளை வாங்கினாள். "ஊசி போட அவசரப்பட மாட்டார். கூட்டம் இருக்கும், காலையிலேயே போங்கள்." அவளுடைய வாக்கியம்தான். விளம்பரம் வருவதற்கு முந்தைய பக்கம். ஒவ்வொரு தாளின் அடியிலும் ஊதா மையில் ரப்பர் முத்திரை: ஸ்டீபன் சைபர் பாயின்ட், கசார்வாடி.

"இது எங்க கிடைச்சுது உங்களுக்கு?"

"வீட்டு அக்ரிமென்ட் ஜெராக்ஸ் எடுக்கப் போன இடத்துல ஹஸ்பண்ட் வாங்கிண்டு வந்தார். முப்பது ரூபாய். புதுசா வர்றவங்க எல்லாரும் வாங்கறாங்களாம். ரொம்ப யூஸ்ஃபுல்லா இருக்கு, யாரோ கோதைன்னு ஒரு அக்கா எழுதினதாம்."

கோதை செருப்பை மாட்டிக்கொண்டு முதலில் அவர்களை மருத்துவரிடம் கொண்டுபோய் விட்டாள். அங்கிருந்தே சிக்ஸ் சீட்டர் ஆட்டோ பிடித்துக் கசார்வாடிக்குப் போனாள்.

தான் யார் என்று அவள் சொன்னதும் ஸ்டீபன் நாற்காலியிலிருந்து எழுந்தான். பிறகு ஏன் எழுந்தோம் என்று யோசித்து மறுபடி உட்கார்ந்தான்.

"அக்கா, டென்ஷன் எடுக்காதீங்க. ப்ரிண்டிங் சார்ஜ் மட்டும்தான் வாங்குறேன். உங்க பேரை எடுக்கல பாருங்க, மேலயே போட்டிருக்கேன்."

"முப்பது ரூபாய்க்கா பிரிண்டிங்?"

"ஸ்டேப்ளர் பின்னு இருக்கு, லைட் பில் இருக்கு. மாங்காய் தின்னவனுக்கு மரத்துக்காரன் மேல பாசம் இல்லாம இருக்குமா அக்கா?"

இப்படிப்பட்ட பேச்சைக் கேட்டால் கன்னத்தில் ஒன்று வைக்கலாம் என்று யாருக்கும் தோன்றும். கோதைக்கும் தோன்றியது. அவள் அதைத் தள்ளிப் போட்டாள். "எல்லாம் வெச்சிருக்கியா?"

இருந்தது. ஒவ்வொரு முறையும் இணையத்தில் திறந்தால் செலவு என்று, அவள் எழுதிய ஒவ்வொரு பதிவையும் வெளிவந்த வாரத்திலேயே தன் கணினியில் சேமித்து வைத்திருந்தான். பின்னூட்டங்களோடு. படிப்பதற்காக இல்லை, விற்பதற்காக. அதற்கு 'பூனா செட்' என்று பெயர் கூட வைத்திருந்தான். மொத்தத்தையும் ஒரு குறுந்தகட்டில் எழுதிக் கொடுத்தான். கொடுத்துவிட்டு, "காலி சிடி இருபது ரூபாய் அக்கா," என்றான்.

கோதை இருபது ரூபாயை எண்ணி மேசையில் வைத்தாள்.

வீட்டில் விஷயத்தைக் கேட்டதும் ரவிசந்திரன் துள்ளிக் குதித்தான்.

"முப்பது ரூவாயா? ஒரு செட்டா? மூணு வருசமாவா? எத்தன செட் வித்திருப்பான்? அடப்பாவி, இது காப்பிரைட் கேஸு! பாதிப் பங்கு கேட்டு வாங்கோணும். நாளைக்கே போறேன்."

"போக வேண்டாம்."

"ஏன்? அவன் திருடன், புள்ள!"

"திருடன்தான். அவன் வித்தான், நீங்க அழிச்சீங்க. வித்தவன் வெச்சாவது இருந்தான்."

அவள் புது இடத்தில் புதுக் கணக்குத் திறந்தாள். ஒவ்வொரு பதிவாக ஏற்றினாள். முதல் பதிவில் நடந்ததைச் சுருக்கமாக எழுதினாள். விளம்பரம் வந்தது தன் வீட்டாரின் ஆசையால், அதை உடனே எடுக்காதது தன் தவறு, இனி வராது. தரகர் கட்டுரையின் கீழே, ஏமாற்றிய ஆளின் எண்ணைத் தானே போட்டாள், இந்த எண்ணிலிருந்து அழைத்தால் பேச வேண்டாம் என்று. கோகுல்நாத் அதைப் படித்துவிட்டு ஒரு சிரிப்புக் குறி போட்டான். மெல்ல ஆட்கள் திரும்பி வந்தார்கள். கடவுச்சொல்லை ரவிசந்திரன் மூன்று முறை கேட்டான். மூன்று முறையும் அவளுக்கு அடுப்பில் வேலை இருந்தது.

தோற்றவன் சும்மா இருப்பதில்லை, சொல்லிக்கொடுக்க ஆரம்பிக்கிறான். அடுத்த ஆண்டு தொடக்கத்தில் ரவிசந்திரன் தன் கூடத்திலேயே ஞாயிற்றுக்கிழமை வகுப்பு நடத்தத் தொடங்கினான். 'பிளாக் எழுதி டாலரில் சம்பாதிப்பது எப்படி.' கட்டணம் ஆயிரத்து ஐநூறு, சிற்றுண்டி உட்பட. அடுக்குமாடிச் சொசைட்டியின் அறிவிப்புப் பலகையிலும், தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாப் பந்தலிலும் சுவரொட்டி ஒட்டினான். அதில் அவன் படத்துக்குக் கீழே 'விளம்பரத் திட்டங்களில் நேரடி அனுபவம் பெற்றவர்' என்று இருந்தது. அதைப் பொய் என்று யாரும் சொல்ல முடியாது. விச்சு முதல் ஆளாகச் சேர்ந்தார். அவருக்கு உப்புமா நினைவிருந்தது.

இரண்டாவது வகுப்புக்கு முந்தைய வாரம் கோதையின் பக்கத்தில் ஒரு பின்னூட்டம் வந்தது. பிம்ப்ரியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒருவர். "அக்கா, வாகட்டில் ரவிசந்திரன் என்பவர் பிளாக் வகுப்பு நடத்துகிறாராம். ஆயிரத்து ஐநூறு கட்டலாமா? நீங்கள் சொன்னால் சேர்கிறேன்."

கோதை அதைத் திறந்து வைத்துக்கொண்டே குழந்தைக்குத் தலை பின்னினாள். பதில் போடாமல் இருக்கலாம். அந்த ஆள் பணத்தைக் கட்டிவிட்டு வந்து இதே கூடத்தில் உட்காருவார், அவளே தட்டு வைப்பாள். தனக்குத் தெரியாது என்று எழுதலாம். தெரியாததை எழுதுவதில்லை என்ற விதி அவளுக்கு எப்போதும் இருந்தது. தெரிந்ததை மறைப்பது அதில் சேராது.

எழுதினாள்: "வேண்டாம். பணம் வீண். அவர் இதுவரை பிளாக்கில் ஒரு ரூபாய்கூடச் சம்பாதித்ததில்லை. எனக்குத் தெரியும், நான் அந்த வீட்டில்தான் இருக்கிறேன். இடைவேளையில் தரும் உப்புமா மட்டும் நன்றாக இருக்கும். அது நான் செய்வது."

ஊரே அதைப் படித்தது. படித்தவர் அடுத்தவருக்கு அனுப்பினார். தமிழ் வலைப்பதிவுகளைத் தொகுத்துக் காட்டும் திரட்டிகளில் அன்று அதுதான் முதலிடம். மாலைக்குள் விச்சு தொலைபேசியில் கூப்பிட்டு, தனக்கு ஞாயிற்றுக்கிழமை வேறு வேலை இருப்பதாகவும், கோதையிடம் மட்டும் வணக்கம் சொல்லும்படியும் கேட்டுக்கொண்டார். பதிலைப் பற்றி அவர்தான் சொன்னார்.

ரவிசந்திரன் கணினி முன் உட்கார்ந்து முழுவதையும் படித்தான். கோதை சமையலறை வாசலில் நின்றாள், வரப்போகும் சண்டைக்குத் தயாராகக் கையைத் துடைத்துக்கொண்டு. அவன் பதிலை இரண்டாம் முறை படித்தான். பிறகு அவன் பார்வை பக்கத்தின் அடிக்கு இறங்கி, வந்தவர்களின் எண்ணிக்கையைக் காட்டும் கட்டத்தில் நின்றுவிட்டது.

"கோதை, இத்தன பேரா வந்திருக்கறாங்க? ஒரே நாள்லயா?"

"ஆமாங்க."

"இந்தப் பதிலுக்குக் கீழ, ஓரமா, சின்னதா ஒரு விளம்பரம் மட்டும் போட்டுக்கலாமா? ஒண்ணே ஒண்ணு."

"எதுக்கு?"

"நம்ம வகுப்புக்குத்தான்."